பாட்டன் பெயர் எங்கே?

குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் வினா, ஆணா பெண்ணா என்பது. அடுத்து எழுவது, என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்பது. முதல் வினாவுக்கு விடை சொல்வது இயற்கை. இரண்டாம் வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர் பெற்றோர். பிள்ளைக்கு நாம் அளிக்கும் செல்வங்களுள், அது கேளாமலே பெறுவதும், வாழ்நாள் முழுதும் கழற்றி வைக்க இயலாததும் அதன் பெயர்தான். சட்டை சிறிதானால் வேறு சட்டை தைக்கலாம். பள்ளி மாறினால் வேறு பையும் காலணியும் வாங்கலாம். பெயரை அவ்வாறு மாற்றுதல் எளிதன்று. அத்துணைச் சிறப்புடைய பெயரை நம் மக்கள் இக்காலத்தில் எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர் என்பதை இம்மலரின் வாயிலாகச் சற்றே எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

கிள்ளான், கோலாலம்பூர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்ப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். ஹர்ஷன், யஷ்வின், ரிஷிகேஷ், தர்ஷிகா, ஹன்ஷிகா என்றாற்போலப் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றை அடுத்து வரும் தந்தையர் பெயர்களோ குமரன், மணிமாறன், இளங்கோ, கலைச்செல்வன் என்று இருக்கும். அத்தந்தையரின் தந்தையர் யாவர் என்று கேட்டால், முனியாண்டி, வீராசாமி, கருப்பையா, மாரிமுத்து என்று விடை வரும். மூன்று தலைமுறை, மூன்று வகைப் பெயர்கள். பாட்டன் பெயர் குலதெய்வத்தைச் சொல்லும். தந்தை பெயர் தமிழைச் சொல்லும். பிள்ளை பெயர் எதைச் சொல்கின்றது என்று கேட்டால், பெற்றோர் பலர் சற்றே தயங்குகின்றனர்.

காலத்திற்கேற்பப் பெயர்கள் மாறுதல் குற்றமன்று. நடுவில் நிற்கும் அந்தத் தமிழ்ப் பெயர்களும் ஒரு காலத்தில் புதுமையாக வந்தவையே. 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர். இராமையா அன்பழகன் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். தந்தை பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியிலும், மீண்டும் 1954-ஆம் ஆண்டிலும் மலாயாவுக்கு வந்து பேசிய பேச்சுகளும், கப்பலில் வந்த ஏடுகளும், உள்ளூர்த் தமிழ்ச் செய்தித்தாள்களும் அக்காற்றைத் தோட்டப்புறங்கள் வரை கொண்டு சேர்த்தன. தமிழ்ச்செல்வியும் பூங்கொடியும் அறிவழகனும் நம் லயங்களில் பிறந்தது அவ்வாறே. ஆயினும் அன்று பெயரை மாற்றியோர், ஏன் மாற்றுகிறோம் என்பதை அறிந்து மாற்றினர். இன்று அவ்வாறு அறிந்து செய்கின்றோமா என்பதே நம் வினா.

பெயரனே பேரன்

நம் மொழியில் மகனின் மகனுக்குப் பேரன் என்று பெயர். பெயரன் என்னும் சொல்லே பேரன் எனத் திரிந்தது. பெயர்த்தி பேர்த்தி ஆனாள். பாட்டன் பெயரைத் தாங்கியவன் பெயரன். பாட்டி பெயரைத் தாங்கியவள் பெயர்த்தி. உறவின் பெயரே வழக்கத்தைச் சொல்லி நிற்கின்றது. மூத்த மகனுக்குத் தன் தந்தையின் பெயரையும், மூத்த மகளுக்குத் தன் தாயின் பெயரையும் சூட்டுதல் நம் முன்னோர் வழக்கம். மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூசி, அப்பெயர் வைத்த தன் பிள்ளையைத் தம்பி என்றும் ஐயா என்றும் அழைத்த வீடுகள் நம்மிடையே பல இருந்தன.

இவ்வழக்கத்தில் அன்போடு அறிவும் உண்டு. சீனருக்குக் குடும்பப் பெயர் உண்டு. அது தந்தையிலிருந்து மகனுக்கும், மகனிலிருந்து பேரனுக்கும் தொடர்ந்து செல்லும். ஐரோப்பியருள் பெரும்பாலோருக்கும் அவ்வாறே. தமிழராகிய நமக்கு அத்தகைய குடும்பப் பெயர் இல்லை. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய முதலாம் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் ஒட்டுவதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அந்தப் பட்டத்தைத் துறந்தது நம் பெருமைகளுள் ஒன்று. பிறப்புப் பத்திரத்தில் நாம் எழுதுவது பிள்ளையின் பெயரையும், மகன் அல்லது மகள் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சொற்குறிப்பையும், தந்தையின் பெயரையும் மட்டுமே.

இதன் விளைவு யாது? முனியாண்டியின் மகன் குமரன். குமரனின் மகன் ஹர்ஷன். குமரனின் அடையாள அட்டையில் முனியாண்டி இருக்கிறார். ஹர்ஷனின் அட்டையில் அவர் இல்லை. பால்மரம் சீவிப் பிள்ளையைப் படிக்க வைத்த அம்மனிதரின் பெயர், பேரன் பிறந்த அன்றே தாளிலிருந்து நீங்கி விடுகின்றது. பாட்டியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவள் பெயர் தன் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னும் வருவதில்லை. குடும்பப் பெயர் இல்லாத சமுதாயத்தில் முன்னோர் பெயர் மறையாதிருக்க வழி ஒன்றே: பேரப்பிள்ளை அதனை ஏற்பது. அந்த வழியை நம் முன்னோர் கண்டு வைத்தனர். நாம் அதைக் காரணமின்றி அடைத்து வருகின்றோம்.

வெட்கம் எங்கிருந்து வந்தது?

பழைய பெயரைச் சூட்டலாமே என்று கூறினால், பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்வார்களே என்பர் பெற்றோர். இதனை வெறும் நாகரிக மோகம் என்று ஒதுக்குதல் தகாது. அவ்வச்சத்திற்கு வரலாறு உண்டு.

1886-ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் இராமசாமி என்பது ஒரு சொல்லாக இடம்பெற்றுள்ளது. தென்னிந்திய இந்துக்கள் அனைவருக்கும், குறிப்பாக இலங்கையில் உழைத்த தமிழ்த் தொழிலாளருக்கும், வெள்ளையர் இட்ட பொதுப்பெயர் அது என்று அந்நூல் விளக்குகின்றது. சுருட்டுப் பற்றவைக்கும் திரிக்கும் அதே பெயர் வழங்கியதாம். தாயொருத்தி கடவுளை வேண்டித் தன் மகனுக்கு இட்ட பெயர், துரைமார் வாயில் ஓர் இனத்தையே குறிக்கும் ஏளனச் சொல்லாயிற்று. பெரட்டில் பெயர் கூப்பிட்ட கிராணிக்கும் கங்காணிக்கும் ஆள் கணக்குத்தான் பெரிது. ஒரே பெயரில் இருவர் நின்றால் ஒருவர் பெரியவர், மற்றவர் சின்னவர், அவ்வளவே.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களுக்குத் துணையாயிற்று. கூலி உயர்வு மட்டுமா அவர்கள் கேட்டது? பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் இழிவை நீக்கக் கேட்டனர். துப்பாக்கி கொண்டு அந்தப் போராட்டம் அடக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின. மானத்திற்காக அன்று நின்றோரின் பெயர்கள் எவை? இன்று நாம் சூட்ட வெட்கப்படும் அதே முனியாண்டியும் மாரிமுத்தும் காத்தாயியும் போன்றவையே. இழிவு அப்பெயர்களில் இல்லை. அவற்றை ஏளனமாக அழைத்த வாயில் இருந்தது. அந்த வாய் போயிற்று; வெட்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

2006-ஆம் ஆண்டில், பிள்ளைகளுக்கு இடத்தகாத பெயர்கள் என்று நம் நாட்டில் ஒரு பட்டியல் அறிவிக்கப்பட்டது. விலங்கு, பூச்சி, பழம், நிறம் முதலியவற்றைக் குறிக்கும் பெயர்களும், தீய பொருள் தரும் பெயர்களும் அதனுள் அடங்கின. பிள்ளைகள் கேலிக்கு ஆளாகாமற் காக்கும் நோக்கம் நல்லதே. ஆயின் அதில் கருப்புசாமி என்னும் பெயரும் இருந்ததாக அன்று உலகச் செய்திகள் கூறின. கருப்பர் நம் தோட்டத்து எல்லையில் அரிவாள் ஏந்தி நிற்கும் காவல் தெய்வம். கருமை என்பது கார்முகிலின் நிறம், கண்ணனின் நிறம், வெயிலில் உழைத்தவன் மேனியின் நிறம். அப்பெயரின் பொருளைப் பிறர் அறியாதிருத்தல் வியப்பன்று. நம் பிள்ளைகளுக்கே அதனை நாம் சொல்லாதிருந்தோம் என்பதுதான் வருத்தம்.

இனி ஒன்றையும் நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். பழைய பெயர்கள் அனைத்தும் மீள வேண்டும் என்று நாம் கூறவில்லை. முன் பிறந்தவை இறந்து போக, அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்புசாமி என்றும் குப்பாயி என்றும் பெயரிட்டனர். பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றனர். அப்பெயர்களின் உள்ளே ஒரு தாயின் அச்சம் இருந்தது. ஆனால் பெண் பிறந்ததே பிழை என்று போதும்பெண் என்றும் வேண்டாம் என்றும் இட்ட பெயர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. அவை மரபு அல்ல, கொடுமை. மகாராட்டிர மாநிலத்துச் சாத்தாரா மாவட்டத்தில், வேண்டாதவள் என்று பொருள்படும் பெயரைச் சுமந்த 285 சிறுமியர்க்கு 2011-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினர். பெயர் பிள்ளையைத் தாழ்த்துமாயின் அதனை மாற்றுதலே அறம்.

எண்ணும் எழுத்தும்

இன்று பெயரைத் தீர்மானிப்போர் பாட்டனும் பாட்டியும் அல்லர். எண்கணிதம் பார்ப்போரும் நட்சத்திர எழுத்துச் சொல்வோருமே. பிரிக்பீல்ட்ஸ் ஆயினும் கிள்ளான் தெங்கு கிளானா சாலை ஆயினும், இத்தகையோரை நாடிச் செல்லும் பெற்றோர் பலர். அவர்தம் அன்பை நாம் ஐயுறவில்லை. பிள்ளை நன்றாக வாழ வேண்டும் என்பதற்காகவே உழைத்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். எனினும் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அறிதல் நன்று.

எண்கணிதம் என்பது ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டுவது. அதனை உலகெங்கும் பரப்பியோருள் ஒருவர் 'கைரோ' என்னும் புனைபெயர் கொண்ட அயர்லாந்து நாட்டினர். எண்கள் பற்றிய அவரது நூல் 1926-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் எட்டு வரை ஓர் எண் உண்டு. நம் ழகரத்திற்கு எண் உண்டோ? ளகரத்திற்கு உண்டோ? இல்லை. ஆகவே கூட்டுத்தொகை சரிவர வேண்டும் என்று ஓர் 'எச்' சேர்க்கின்றனர். ஓர் 'ஏ'யை இரண்டாக்குகின்றனர். தமிழில் ஒரே பெயர் ஆங்கிலத்தில் ஐந்து விதமாய் நிற்கின்றது. முதலாம் ஆண்டு ஆசிரியர் அதனைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்று திகைக்கின்றார். பிள்ளையோ தன் பெயரைத் தானே எழுத இடர்ப்படுகின்றது.

நட்சத்திர எழுத்தும் இவ்வாறே. பூர நட்சத்திரத்திற்கு மோ, டா, டீ, டூ என்பன எழுத்துகளாம். திருவாதிரைக்குரியவற்றுள் ஙகரமும் ஒன்றாம். டகரமும் ஙகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் நில்லா என்பதை இலக்கணம் கற்ற மாணவரும் அறிவர். வடமொழி நெடுங்கணக்கை ஒட்டி அமைந்த எழுத்துகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடினால் எவ்வாறு கிடைக்கும்? கிடைக்காதபோது, பொருள் அறியாத ஓர் ஒலியைப் பெயராகக் கொள்கின்றனர். கோயிலில் அருச்சனை செய்யும் குருக்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் தனித்தனியே கேட்கிறாரேயன்றி, பெயரின் முதலெழுத்து நட்சத்திரத்தோடு பொருந்துகிறதா என்று சோதிப்பதில்லை. நம்பிக்கை உடையோரும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

வடசொற் பெயர் யாவும் பொருளற்றவை என்பது நம் கருத்தன்று. ஹர்ஷன் என்பது மகிழ்ச்சி என்னும் பொருளில் பிறந்தது; இனிய பொருளே. அப்பொருளைப் பெற்றோர் அறிந்து, பிள்ளைக்கும் சொல்வார்களாயின் குறையொன்றுமில்லை. மகிழ்நன் என்னும் தமிழ்ப் பெயரும் அருகிலேயே உள்ளது என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

ஐஸ்லாந்து காட்டும் வழி

சிறிய இனம், சிறிய மொழி. நம் பெயர் வழக்கு இவ்வுலகில் எவ்வாறு நிலைக்கும் என்று கேட்போருக்கு ஐஸ்லாந்து நாட்டைக் காட்டுவோம். அந்நாட்டு மக்கள் நான்கு இலட்சம்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. நம்மைப் போலவே இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்றே எழுதுவர். தாத்தா பாட்டியின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் வழக்கமும் அங்குண்டு. 1991-ஆம் ஆண்டில் அவர்கள் பெயர்க்குழு ஒன்றை அமைத்தனர். புதிய பெயர் ஒன்று வந்தால், அது தம் மொழியின் வேற்றுமை உருபுகளை ஏற்குமா, தம் எழுத்தில் எழுத இயலுமா, தாங்குவோர்க்கு இழிவு தருமா என்று அக்குழுவினர் பார்த்தனர்.

நமக்கு அத்தகைய குழு தேவையில்லை, சட்டமும் தேவையில்லை. அந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கண்ணனை, கண்ணனுக்கு, கண்ணனோடு என்று சொல்லிப் பாருங்கள்; நாக்கு இடறவில்லை. நீங்கள் கருதியுள்ள பெயரையும் அவ்வாறே சொல்லிப் பாருங்கள்.

நாம் வேண்டுவன

பெற்றோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் நான்கு.

முதலாவது, பெயரைத் தீர்மானிக்குமுன் வீட்டிலுள்ள மூத்தவரை அப்பெயர் சொல்லி அழைக்கச் செய்யுங்கள். அவர் வாயில் நுழையாத பெயர், அவர் மடியில் வளரப்போகும் பிள்ளைக்கு வேண்டுமா? மலாய்க்கார, சீன அண்டை வீட்டாரும் எளிதில் அழைக்கக் கூடிய சிறுபெயர்கள் தமிழில் நிரம்ப உண்டு: மதி, நிலா, கவின், இனியா, முகிலன், அமுதன்.

இரண்டாவது, பாட்டன் பாட்டி பெயரை முழுதாக இடத் தயங்குவோர், அதன் பொருளையேனும் காத்தல் வேண்டும். பொன்னம்மாவின் பேர்த்தி பொன்னி ஆகலாம். முத்தம்மாவின் பேர்த்தி முத்தழகி ஆகலாம். வேலாயுதத்தின் பேரன் வேலன் ஆகலாம். கருப்பையாவின் பேரன் முகிலன் ஆனால், கார்முகிலின் கருமை பாட்டனிடமிருந்து வந்தது என்று அவனுக்குச் சொல்லலாம். பெயர் புதியது, உறவு பழையது.

மூன்றாவது, பதிவில் கவனம். தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் பதிதல் வேண்டும். பதிவிலாகாவுக்குச் செல்லுமுன் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டு செல்லுங்கள். தந்தையின் பெயர் அவரது அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று, பத்திரத்தைக் கையில் வாங்கும்போதே பாருங்கள். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத நம்மவரைப் பதிவதற்கென 2011-ஆம் ஆண்டில் 'மைடஃப்தார்' என்னும் இயக்கத்தையே அரசாங்கம் நடத்த வேண்டியிருந்தது. தாள் இல்லாதோர் பள்ளியிலும் வேலையிலும் பட்ட பாட்டை நம் சமுதாயம் நன்கறியும்.

நான்காவது, பெயரின் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பொருள் தெரிந்த பிள்ளையைக் கேலி எளிதில் தீண்டாது. "உன் பெயர் என்ன பெயர்?" என்று ஒருவன் நகைத்தால், "எல்லையைக் காக்கும் தெய்வத்தின் பெயர்" என்று நிமிர்ந்து சொல்ல அதனால் இயலும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் வகுப்பில் பழைய பெயருடைய நண்பன் இருப்பின் அவனைக் கேலி செய்யாதீர்கள். அப்பெயரின் பொருளை ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். உங்கள் தாத்தாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும், அவர்தம் பெற்றோர் பெயரையும், அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியராய் வாழ்ந்த கந்தையா, பொன்னையா ஆயினும், கிள்ளான் தோட்டத்து அங்கம்மா, மாரியாயி ஆயினும், அப்பெயர்கள் உங்கள் பிறப்புப் பத்திரத்தில் இரா. எந்த அலுவலகமும் அவற்றை உங்களிடம் கேட்காது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன, லயங்கள் இடிந்தன. அங்கு வாழ்ந்தோரின் பெயர்களை வைத்திருக்கக் கூடிய இடம் இனி உங்கள் குறிப்பேடே.

நாளை நீங்களும் பெற்றோர் ஆவீர்கள். அன்று உங்கள் பிள்ளைக்குப் பெயர் தேடும்போது, அந்தக் குறிப்பேட்டை முதலில் திறந்து பாருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.